புதிர் கேட்கும் ஊர்: லேட்டனின் முதல் ஆட்டத்தில் பொருந்தியதும் பொருந்தாததும்

செயின்ட் மிஸ்டியர் என்ற அந்தக் கற்பனைக் கிராமத்தில் யாரிடம் எதைக் கேட்டாலும் நேரான பதில் கிடைப்பதில்லை. ஊருக்குள் நுழைய அகழிப் பாலத்தை இறக்க வேண்டும் என்றால், அதன் கைப்பிடி எந்தத் துளையில் பொருந்தும் என்பதே ஒரு புதிராக நிற்கிறது. உள்ளே போனால் ஒருவர் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டுகிறார். இன்னொருவர் எட்டு எடைக்கற்களில் எது இலேசானது என்பதை ஒரு தராசைக் கொண்டு கண்டுபிடிக்கச் சொல்கிறார். கொலை நடந்துவிட்டதாக ஊரே பதறிக்கொண்டிருக்கும் வேளையிலும் இந்தப் பழக்கம் நிற்பதில்லை. 'புரொபசர் லேட்டன் அண்ட் தி கியூரியஸ் வில்லேஜ்' என்ற இந்த வீடியோ கேம் ஆட்டத்தை முதன்முறையாக விளையாடுபவர் சில மணி நேரத்துக்குள்ளாகவே இதைச் செயற்கை என்று உணர்ந்துவிடுவார். அந்த உணர்வு தவறன்று. ஆனால் அந்தச் செயற்கைத்தன்மை எங்கிருந்து வந்தது, அதை ஆட்டம் எப்படிச் சமாளித்தது என்பதைப் பார்த்தால்தான் இதன் பலமும் பலவீனமும் ஒரே வேரில் முளைத்தவை என்பது புரியும். கதையின் இறுதி ரகசியத்தைச் சொல்லாமல் இதை அலச முடியாது என்பதால், இனிமேல் விளையாட எண்ணியிருப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த ஆட்டம் 2007 பிப்ரவரி 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்தது. இரண்டு திரைகள் கொண்டு, கீழ்த்திரையைத் தொட்டு இயக்கும்படி அமைந்த அந்தக் கருவி 2004இன் இறுதியில் விற்பனைக்கு வந்தபோது, அந்த இரண்டாவது திரையால் என்ன பயன் என்று கேட்டவர்கள் பலர். 2005இல் டொஹோகு பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் ரியூதா கவாஷிமாவின் பெயரோடு வந்த மூளைப் பயிற்சி ஆட்டம் அந்தக் கேள்விக்கு எதிர்பாராத பதிலைத் தந்தது. அதுவரை வீடியோ கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத நடுத்தர வயதினரும் முதியவர்களும், தொடுதிரையில் எண்களை எழுதிக் கூட்டல் கழித்தல் கணக்குப் போட அந்தக் கருவியை வாங்கினார்கள். அறிவைச் சோதிக்கும் ஆட்டங்களுக்கு ஒரு சந்தை உருவாகிவிட்டது என்பதைப் பல நிறுவனங்கள் கண்டுகொண்டன. ஃபுகுவோகா நகரத்தைச் சேர்ந்த லெவல்-5 நிறுவனம் அவற்றுள் ஒன்று.

அந்நிறுவனத்தின் தலைவர் அகிஹிரோ ஹினோ, சிறுவயதில் 'அதாமா நோ தைசோ' என்ற புதிர்ப் புத்தக வரிசையை விரும்பிப் படித்தவர். தலைக்கான உடற்பயிற்சி என்று பொருள்படும் அந்த வரிசையின் முதல் தொகுதி 1966இல் வந்தது. அதை எழுதியவர் சிபா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த அகிரா தாகோ. ஜப்பானிய வீடுகளில் இரண்டு தலைமுறைக்குப் பழக்கமான பெயர் அவருடையது. ஹினோ அவரையே அணுகினார். புதிர்களுக்குத் தாகோ பொறுப்பேற்றார். கதை என்ற ஒன்று பிறகுதான் வந்து சேர்ந்தது. வெறும் புதிர்த் தொகுப்பாக வெளியிட்டால் மூளைப் பயிற்சி ஆட்டங்களின் கூட்டத்தில் ஒன்றாகக் கரைந்துபோகும் என்பதால், அதற்கு ஒரு கதையும் மாந்தர்களும் இசையும் கூட்டப்பட்டன. உயரமான தொப்பி அணிந்த லண்டன் பேராசிரியர் ஹெர்ஷல் லேட்டனும், அவருடைய சீடன் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் சிறுவன் லூக்கும் அப்படித்தான் பிறந்தார்கள். புத்தகத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட வீடு என்று இந்த ஆட்டத்தைச் சொல்லலாம். வீடு அழகாகவே வந்திருக்கிறது. சுவருக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே ஒரு இடைவெளி கடைசிவரை தெரிந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

முதலில் நன்றாக அமைந்தவற்றைப் பார்ப்போம். ஆட்டத்தில் மொத்தம் 135 புதிர்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குக்கூட நேரக் கட்டுப்பாடு கிடையாது. யோசித்துக்கொண்டிருக்கும்போது பேருந்து நிறுத்தம் வந்துவிட்டால் கருவியின் மூடியைச் சாத்தினால் போதும். மாலையில் திறக்கும்போது அதே புதிர் அதே நிலையில் காத்திருக்கும். பெரும்பாலான புதிர்கள் இரண்டு நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுபவை. முடிக்க முடியாதவற்றை மனத்திலேயே சுமந்துகொண்டு போகலாம். சமையலறையில் நிற்கும்போது விடை தோன்றும். கையடக்கக் கருவி ஒன்றின் இயல்போடு இத்தனை இசைவாகப் பொருந்திய ஆட்டங்கள் குறைவு. தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிக்கு இதே ஆட்டத்தைச் செய்திருந்தால் அதன் பாதி நயம் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

துப்புகள் வழங்கும் முறை இதைவிட நுட்பமானது. ஒவ்வொரு புதிருக்கும் மூன்று துப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறக்க ஒரு துப்புக் காசு செலவாகும். அந்தக் காசுகள் ஊர்க்காட்சிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. விளக்குக் கம்பம், பீப்பாய், புகைபோக்கி, சாளரம் என்று சந்தேகம் தோன்றும் இடங்களையெல்லாம் தொட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு அகப்படும். தவறான விடை சொன்னால் அந்தப் புதிருக்குரிய 'பிகராட்' மதிப்பெண் சற்றுக் குறையும்; ஆனால் இரண்டு தவறுகளுக்குப் பிறகு மேலும் குறைவதில்லை. அதாவது அறியாமைக்குத் தண்டனை உண்டு, ஆனால் அது யாரையும் ஆட்டத்திலிருந்து விரட்டும் அளவுக்குக் கடுமையானதன்று. துப்பு வாங்குவதும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. புதிர்ப் புத்தகத்தில் விடைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவுடன் அந்தப் புதிர் செத்துப்போகும். இங்கே வாசகனுக்கும் விடைப் பக்கத்துக்கும் இடையே மூன்று படிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் அவன் நின்று, இன்னும் ஒரு முறை தானே முயன்று பார்க்கலாமா என்று யோசிக்கிறான். காசு எண்ணிக்கையில் குறைவதால் அந்த யோசனைக்கு ஒரு எடை கிடைக்கிறது. உண்மையில் காசுகள் தாராளமாகவே வைக்கப்பட்டுள்ளன. கஞ்சத்தனம் விளையாடுபவரின் மனத்தில்தான் இருக்கிறது. அதை வடிவமைப்பாளர்கள் சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

விடையைச் சமர்ப்பித்த பிறகு வரும் சில நொடிகளையும் குறிப்பிட வேண்டும். இசை நிற்கிறது, திரையில் பேராசிரியரோ லூக்கோ தோன்றி யோசிக்கும் பாவனையில் இருக்கிறார், பிறகே சரியா தவறா என்று தெரிகிறது. கணிப்பொறிக்கு அந்த இடைவெளி தேவையில்லை. தேர்வு முடிவுத் தாளைப் பிரிக்கும் கையின் தயக்கத்தை அது போலச் செய்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட முறை பார்த்த பிறகும் அது சலிக்கவில்லை.

புதிர்களில் பெரும்பகுதி மிகப் பழையவை. ஏழாவது புதிரில் மூன்று ஓநாய்களையும் மூன்று கோழிக்குஞ்சுகளையும் இருவர் மட்டுமே ஏறக்கூடிய தெப்பத்தில் ஆற்றைக் கடக்கச் செய்ய வேண்டும். எந்தக் கரையிலும் ஓநாய்களின் எண்ணிக்கை குஞ்சுகளைவிடக் கூடிவிடக் கூடாது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கச் சொல்லி நம் வீடுகளில் கேட்கும் கணக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; ஐரோப்பாவில் ஓநாய், ஆடு, முட்டைகோஸ் என்ற வடிவில் இது யார்க் நகர அல்குவினின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய தொகுப்பு ஒன்றில் காணப்படுகிறது. எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி சதுரங்கப் பலகையில் நிறுத்தும் புதிர் 1848இல் மாக்ஸ் பெட்சல் என்பவரால் முன்வைக்கப்பட்டது. எட்டு, ஐந்து, மூன்று என்ற அளவுள்ள குடுவைகளைக் கொண்டு திரவத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கணக்கும் அப்படிப்பட்ட பழஞ்சரக்கே.

பழையதை எடுத்தாண்டதற்காக ஆட்டத்தைக் குறை சொல்வது சரியாகாது. ஓநாய்ப் புதிரைத் தாளில் போடும்போது ஒவ்வொரு நகர்வையும் எழுதி அழித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. குறைந்தபட்சம் பதினொரு பயணங்கள் தேவைப்படும் ஒரு கணக்கில் அந்த எழுத்து வேலையே பாதி ஆர்வத்தைத் தின்றுவிடும். தொடுதிரையில் குஞ்சைத் தொட்டால் அது தெப்பத்தில் ஏறிக்கொள்கிறது. தவறு செய்தால் ஓநாய்கள் வேலையைக் காட்டிவிடுகின்றன. சுமையைக் கருவி ஏற்றுக்கொண்டு, சிந்தனையை மட்டும் மனிதனிடம் விட்டுவிடுகிறது. குடுவைப் புதிருக்கும் கட்டங்களை நகர்த்தும் புதிர்களுக்கும் இது பொருந்தும்.

பொருந்தாத இடங்களும் உண்டு. எண்களையும் கோடுகளையும் மனத்திலோ தாளிலோ குறித்துக்கொள்ள வேண்டிய புதிர்கள் பல இருந்தும், திரையின் மேலேயே கிறுக்கிப் பார்க்கும் வசதி இந்த முதல் ஆட்டத்தில் இல்லை. எழுதுவதற்கென்றே குச்சியோடு வந்த கருவியில் இந்தக் குறை கண்ணை உறுத்துகிறது. பேருந்தில் அமர்ந்து விளையாடுபவர் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் இந்த வசதி சேர்க்கப்பட்டது.

இதைவிடப் பெரிய குறை புதிர்களின் மொழியில் இருக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரு குடுவையில் ஒரு கிருமி இருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிருமியும் இரண்டாகிறது. ஒரு மணி நேரத்தில் குடுவை நிரம்பிவிடுகிறது. தொடக்கத்திலேயே இரண்டு கிருமிகள் இருந்தால் எவ்வளவு நேரத்தில் நிரம்பும்? அவசரக்காரர் முப்பது நிமிடம் என்பார். விடை 59 நிமிடம். தவறு செய்தவர் தன் தவறைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். ஏனென்றால் வேண்டிய செய்தி முழுவதும் அவர் கண்முன்னேதான் இருந்தது. இன்னொன்றில் பத்து மெழுகுவத்திகள் எரிகின்றன. காற்றில் முதலில் இரண்டும் பிறகு ஒன்றும் அணைகின்றன. அதன் பிறகு சாளரத்தை மூடிவிட்டதால் வேறெதுவும் அணையவில்லை. கடைசியில் எத்தனை எஞ்சும்? ஏழு என்பவருக்குத் தோல்வி. எரிந்தவை உருகித் தீர்ந்துவிடும், அணைந்த மூன்றுதான் மிஞ்சும் என்பது விடை. விடுகதை என்ற வகையில் இது சுவையானதுதான். ஆனால் இங்கே சோதிக்கப்படுவது கணக்கன்று; 'கடைசியில்' என்ற சொல்லைக் கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது மட்டுமே. மதிப்பெண் குறையும் ஓர் ஆட்டத்தில் இப்படிப்பட்டவை அடிக்கடி வந்தால், விளையாடுபவர் மெல்ல மெல்ல எல்லாப் புதிர்களையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குகிறார். நேரான கணக்கிலும் சொற்பொறியைத் தேடி நேரத்தை வீணாக்குகிறார். ஒரு பகுதியின் குறும்பு மற்றப் பகுதியின் மீதான நம்பிக்கையையும் அரிக்கிறது.

மொழியைச் சார்ந்த புதிர்கள் மொழிபெயர்ப்பில் தாங்காது என்பதால், ஜப்பானிய எழுத்துகளை நம்பியிருந்த சில புதிர்கள் ஆங்கிலப் பதிப்பில் வேறு புதிர்களால் மாற்றப்பட்டன. 2008இல் வந்த அமெரிக்கப் பதிப்புக்கும் பிரிட்டன் பதிப்புக்கும் இடையிலேயே சில வேறுபாடுகள் உண்டு. லூக்கின் குரல்கூட வேறு வேறு நடிகையருடையது. துப்புகளின் தரமும் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் முதல் துப்பு, கேள்வியைக் கவனமாகப் படியுங்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய ஆறுதல் அது.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். திருத்த முடியாத ஒன்று, கதைக்கும் புதிருக்கும் இடையிலான பிளவு. பிரபு ரைன்ஹோல்ட் தம் உயிலில், 'தங்க ஆப்பிள்' என்பதைக் கண்டுபிடிப்பவருக்கே தம் சொத்து சேரும் என்று எழுதிவைத்து இறந்துவிட்டார். அதைத் தேடித் தரும்படி அவருடைய மனைவி டாலியா கேட்டுக்கொண்டதால் லேட்டன் அங்கே வருகிறார். வந்த சிறிது நேரத்திலேயே சைமன் என்ற உறவினர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். வேலையாள் ரமோன் காணாமல் போகிறார். ஊரின் நடுவே யாரும் நெருங்காத ஒரு கோபுரம் இரவில் ஓசை எழுப்புகிறது. துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. ஆனால் இந்த மர்மங்களை அவிழ்ப்பதில் விளையாடுபவருக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர் தீக்குச்சிகளை நகர்த்துகிறார். தடயங்களை லேட்டன் பார்த்துக்கொள்கிறார். யார் மீது சந்தேகம் என்று ஆட்டம் ஒருபோதும் கேட்பதில்லை. முடிவில் பேராசிரியர் விரலை நீட்டி உண்மையை அறிவிக்கும்போது, இத்தனை புதிர்களை விடுவித்தவர் பார்வையாளர் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இடையிடையே, இத்தனை புதிர்களை முடித்தால்தான் வழி விடுவேன் என்று நிற்கும் காவல்களும் உண்டு. கதையில் அந்த எண்ணிக்கைக்கு எந்தக் காரணமும் இல்லை. புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டிவிடக் கூடாது என்பதே காரணம்.

பிறகு அந்த ரகசியம் வெளிப்படுகிறது. செயின்ட் மிஸ்டியரின் மக்கள் மனிதர்களே அல்லர். மகள் ஃப்ளோராவைத் தமக்குப் பின் காப்பதற்காகப் பிரபு புரூனோ என்ற கைவினைஞரைக் கொண்டு செய்துவைத்த இயந்திர மனிதர்கள் அவர்கள். மனைவி வயலெட்டை இழந்த பிரபு அவளுடைய சாயலிலேயே செய்வித்ததுதான் டாலியா. குழந்தை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சைமன் கொலையாகவில்லை, பழுதாகி நின்றுபோனான். ரமோனைக் கடத்தியவர் பழுதுபார்ப்பவர். மகளையும் செல்வத்தையும் ஒப்படைக்கத் தகுந்த அறிவாளி வரும்வரை, வருகிறவர்களையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே இந்த ஊராருக்கு இடப்பட்ட பணி. ஆகவே அவர்கள் புதிர் கேட்டார்கள்.

தொடக்கத்திலிருந்து உறுத்திக்கொண்டிருந்த செயற்கைத்தன்மை இந்த இடத்தில் கதையின் பொருளாகவே மாறிவிடுகிறது. மனிதர்கள் இப்படி நடந்துகொள்ள மாட்டார்களே என்று விளையாடுபவர் முணுமுணுத்தது, அவரே அறியாமல் சரியான விடையைச் சொன்னதாக ஆகிவிடுகிறது. வடிவமைப்பின் குறையைத் தடயமாக மாற்றிய இந்தச் சாதுரியத்தை நான் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன். இது பிளவை மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. தீக்குச்சிக்கும் தங்க ஆப்பிளுக்கும் இடையே இப்போதும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பிளவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்த உத்தியை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். தொடரின் அடுத்தடுத்த ஆட்டங்களில் ரயிலில் பயணம் செய்பவர்களும் லண்டன் வீதிகளில் நடப்பவர்களும் அதேபோலப் புதிர் கேட்கிறார்கள். அவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள். கதைகள் இன்னும் உருக்கமானவையாக வளர்ந்தன, புதிர்களின் வகைகளும் பெருகின. ஆனால் அந்த மனிதர்கள் ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு, இது லேட்டன் ஆட்டம், அதனால் கேட்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லாமல் போயிற்று.

ஓவியமும் இசையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, குறை காண இடம் குறைவு. பழைய ஐரோப்பியப் படப்புத்தகங்களை நினைவூட்டும் மங்கிய பழுப்பு வண்ணங்களும், பி.ஏ. வொர்க்ஸ் நிறுவனம் வரைந்த அசைவூட்டக் காட்சிகளும், அந்தக் கருவியின் சிறிய திரையிலேயே நிறைவாக இருந்தன. தோமோஹிதோ நிஷியுராவின் அக்கார்டியன் இசை ஊருக்கு ஒரு சோம்பலான மாலைப்பொழுதைத் தருகிறது. ஆனால் புதிர்களின்போது ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஒலிப்பதால், கடினமான ஒரு புதிரில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டவர் ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் மேலே யோசிப்பார்.

ஆட்டத்தின் ஆயுளை நீட்டிக்க, வாரம் ஒரு புதிரை இணையம் வழியாகப் பெறும் ஏற்பாடு இருந்தது. நின்டெண்டோ 2014 மே மாதத்தில் அந்தக் கருவிக்கான இணையச் சேவையை நிறுத்தியதோடு அந்த வாசல் அடைந்தது. தாகோ 2016இல் தம் தொண்ணூறாவது வயதில் காலமானார். 2018இல் இதே ஆட்டம் கைப்பேசிகளுக்குக் கூர்மையான படங்களோடு மீண்டும் வந்தது.

புதிர் ஆட்டங்களை மறுமுறை விளையாட முடியாது என்பது பொதுவான குற்றச்சாட்டு. விடை தெரிந்த புதிரில் செய்வதற்கு ஒன்றுமில்லை. 59 என்ற எண்ணை ஒருமுறை அறிந்தவருக்கு அந்தக் கிருமிக் குடுவை வெறும் குடுவைதான். இந்த ஆட்டத்துக்கும் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதை மீண்டும் எடுத்தபோது நான் புதிர்களை விரைவாகத் தள்ளிவிட்டு உரையாடல்களை மெதுவாகப் படித்தேன். ரமோன் மறைந்த இடத்தில் கிடக்கும் அந்தச் சின்னப் பற்சக்கரத்தை முதல்முறை ஏதோ கடிகாரத்தின் உதிரி என்று நினைத்துக் கடந்திருந்தேன். ஊர்க்காரர் ஒவ்வொருவரும் புதிர் கேட்டு முடித்தபின் வழக்கமாகச் சொல்லும் பாராட்டு, இம்முறை வேறு மாதிரி கேட்டது. பிரபு இறந்த பிறகும் எத்தனையோ வந்தேறிகளிடம் அதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, சரியான விடையோடு ஒருவர் வந்துவிட்டதை அவர்கள் தங்களுக்குள் குறித்துக்கொள்வதுபோல் இருந்தது. செல்வத்தை எடுத்தால் இந்த ஊர் முழுவதும் நின்றுபோகும் என்று தெரிந்ததும், ஃப்ளோரா அதை எடுக்காமலே பேராசிரியரோடு கிளம்பிவிடுகிறாள்.